மாலை போட்டவனை அடிக்கக் கூடாது

கோட்டேஸ்வரம்மா தன் புருஷனை அடிப்பாள். இதை மென்று விழுங்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. குண்டூர் மிளகாய்ச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வரிசை வீடுகளில் புருஷனிடம் அடி வாங்காத பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெண்டாட்டியிடம் அடி வாங்கிய ஆண் ஏடுகொண்டலு ஒருவன்தான். அதனால் அவர்கள் வீட்டில் பாத்திரம் பறக்கும் சத்தம் கேட்டால் மற்ற வீட்டுச் சண்டைகள் பாதியில் நின்றுவிடும். அடித்தவனும் அடி வாங்கினவளும் ஒன்றாகவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் ராஜ்யலட்சுமி. குளிர்பதனக் கிடங்கில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளும் பெண்களை நான்தான் மேய்க்கிறேன். என் வீட்டுக்காரன் போத்துராஜு மூட்டை தூக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. கோட்டேஸ்வரம்மா என் கூட்டத்தில் கிள்ளுவாள், ஏடுகொண்டலு அவன் கூட்டத்தில் தூக்குவான். அந்த வீட்டு விவகாரம் எங்கள் காதுக்கு வராமல் போக வழியே இல்லை.

அவள் நரசராவ்பேட்டைப் பக்கத்துப் பெண். ஆள் உயரம், தோள் அகலம், சிரித்தால் கிடங்கின் தகரக் கூரை அதிரும். மற்றவர்கள் ஒரு கூடை கிள்ளுவதற்குள் இரண்டு கூடை முடித்துவிட்டு, தும்மிக்கொண்டிருக்கும் புதுப் பெண்களைக் கேலி செய்வாள். அவளுடைய அப்பன் பேசாமல் அடிப்பவன். அம்மா பேசாமல் வாங்கிக்கொண்டவள். வாயைத் திறந்து பேசி ஒரு விஷயத்தைத் தீர்க்கலாம் என்று அவளுக்கு யாரும் காட்டியதில்லை. மனதில் வலித்தால் அது அவளுக்குக் கையில்தான் வரும்.

ஏடுகொண்டலுவுக்கு உடம்புதான் பெரிது, குரல் சின்னது. முதுகில் மூட்டையோடு நடக்கும்போதுகூட எதிரில் வருகிற பெண்களுக்கு ஒதுங்கி வழிவிடுவான். நாள் முழுவதும் மிளகாயில் கிடந்த கை எப்படி எரியும் என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். மோரில் முக்கினாலும் அடங்காது. வேலை விட்டு வந்ததும் அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு விரல் விரலாக விளக்கெண்ணெய் தடவிவிடுவான். எங்கள் வரிசையில் எந்தப் பெண்ணுக்கும் இது நடந்ததில்லை. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம்.

"கைக்கு எண்ணெய் தடவுறான் அக்கா. கைக்கு மட்டும்தான் தடவுறான்" என்று ஒரு நாள் மிளகாய்க் குவியல் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மிளகாய் நெடி என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணமான முதல் ஆடி மாதத்திலேயே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளைகள் ஏதாவது சாக்குச் சொல்லி மாமியார் ஊருக்குப் போய் வேலி தாண்டுவார்கள். இவனோ தானே பஸ் ஏற்றிவிட்டு, வழியில் சாப்பிடப் புளிச்சோறும் கட்டிக் கொடுத்துவிட்டு, சீட்டியடித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

அவளுக்கு ஆசை அதிகம். அவனுக்குக் குறைவு. விஷயம் இவ்வளவுதான். இதை நாக்கால் சொல்லியிருந்தால் ஒரு சாயங்காலத்துப் பேச்சு. இரண்டு பேருக்கும் நாக்கு எழவில்லை. அவள் அருகே போவாள், அவன் திரும்பிப் படுப்பான். மறுநாள் காலையில் உப்பு குறைந்தது, துண்டைக் கீழே போட்டாய் என்று ஏதோ ஒன்றில் சண்டை தொடங்கும். தட்டு பறக்கும். பித்தளைச் செம்பால் அவன் புருவத்தைப் பிளந்தாள். துடைப்பக் கட்டையால் விலாவில் அடித்ததில் அவன் பத்து நாள் ஒரு பக்கமாகவே மூட்டை தூக்கினான். கூட்டத்தில் கேட்டால் மூட்டைக் கொக்கி வழுக்கிவிட்டது என்பான். போத்துராஜுவுக்கு உண்மை தெரியும். "டேய், உன் வீட்டுக் கொக்கி ரொம்ப வழுக்குதுடா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பான்.

எனக்கும் முதலில் அவள் குறை புரியவில்லை. என்னை ஒரு நாளும் கேட்காமலே எடுத்துக்கொள்கிறவனோடு நான் குடித்தனம் செய்கிறேன். காய்ச்சலா, தூரமா, அழுகையா, எதுவும் போத்துராஜுவுக்குக் கணக்கில்லை. "அடி பைத்தியக்காரி, ராத்திரியானா நிம்மதியா தூங்குறே. அதைப் போய்க் குறைங்கிறியே" என்றேன்.

"ஒருத்தன் உன்னை வேண்டாம்னு திரும்பிப் படுத்தா, அந்த முதுகைப் பாத்துக்கிட்டே கிடக்கறது எப்படின்னு உனக்குத் தெரியாது அக்கா" என்றாள்.

அது உண்மைதான், எனக்குத் தெரியாது.

ஒரு பங்குனி மாதம் கிடங்கு வாசலில், மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள் முன்னால், என்ன கோபத்திலோ அவனைப் பார்த்து, "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று கேட்டுவிட்டாள். போத்துராஜு கைதட்டினான். ஏடுகொண்டலு தோளில் இருந்த மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தான். வந்தான். அவள் பிடரியைப் பிடித்தான். முகத்தைக் குப்புற மிளகாய்க் குவியலுக்குள் வைத்து அமுக்கினான். அவள் கால்கள் உதைத்துக்கொள்வதை நான் பார்த்தேன். நான்கு பேர் சேர்ந்துதான் அவனைப் பிரிக்க முடிந்தது. அவள் முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிக்கொண்டன. ராத்திரி பகலாகக் கூடவே உட்கார்ந்து ஆறிய பாலில் துணி நனைத்து அந்தக் கண்களைத் துடைத்தவனும் அவனேதான்.

"ஆறு மாசத்துக்கு அப்புறம் அன்னிக்குத்தான் அக்கா என்னைத் தொட்டான்" என்று கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தபடி சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் அவன் மாலை போட ஆரம்பித்தான்.

கார்த்திகையில் ஐயப்பன் மாலை, கறுப்பு வேட்டி. மலைக்குப் போய் வந்து மூச்சு விடுவதற்குள் ஆஞ்சநேயர் மாலை, காவி. மழைக்காலம் முடிந்தால் துர்க்கையம்மனுக்குப் பவானி மாலை, சிவப்பு. மாலை போட்டவன் தரையில் படுப்பான், பெண்டாட்டியைத் தொட மாட்டான், யாரையும் வைய மாட்டான். அவனையும் யாரும் வையக் கூடாது, கை ஓங்கக் கூடாது. பெற்ற தாயே ஆனாலும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவனுக்கு இதைவிட நல்ல கோட்டை எங்கே கிடைக்கும்? கோட்டேஸ்வரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "சாமி, சாப்பிட வாங்க" என்பாள். கிடங்கில் பெண்கள், "ஏண்டி, உங்க வீட்டுச் சாமி இப்ப என்ன கலரு?" என்று கேட்பார்கள்.

இடையில் மாலையில்லாத நாட்கள் வரும். அந்த நாட்களில் மொத்தத்துக்கும் சேர்த்து விழும். வேறு பெண் இருக்கிறாள் என்று அவளுக்குச் சந்தேகம். டீக்கடை சுப்புலு அவனுக்குச் சர்க்கரை கூடுதலாகப் போட்டாள் என்று அவளைத் தெருவில் இழுத்துப் போட்டு மிதித்தாள். சுப்புலு பாவம், அவனுக்கு அத்தை முறை.

ஒரு வருஷம் தீபாவளிக்கு அவளுக்கு மாம்பழ நிறத்தில் புடவை எடுத்து வந்தான். "இந்தத் தடவை மாலை போடல" என்று அவன் வாயாலேயே சொன்னானாம். நான்கு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. நாக சவிதி அன்று புற்றுக்குப் பால் ஊற்றப் போனவள் ஈரத் தலையோடு திரும்பி வருகிறாள். ராமாலயத்திலிருந்து அவன் கறுப்பு வேட்டியும் கழுத்தில் துளசி மாலையுமாக எதிரே வருகிறான்.

கையிலிருந்த பால் செம்பைக் கீழே வைத்தாள். நேரே போய் அந்த மாலையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். மணிகள் சாக்கடையோரம் சிதறி ஓடின.

தெருவே மூச்சை நிறுத்திவிட்டது. புருஷனை அடிப்பது வேறு, மாலையை அறுப்பது வேறு. அவனுடைய அக்கா ஆதிலட்சுமி தெருக்கோடியில் இருப்பவள். இந்த மாதிரி ஒரு நாளுக்காகவே காத்திருந்தவள் போல இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தாள். மாலை போட்ட ஆண்கள் அடிக்கக் கூடாது இல்லையா, அதனால் அடிக்கிற வேலை பெண்களுக்கு வந்தது. ஈர முடியைச் சுருட்டிப் பிடித்துத் தெருவில் இழுத்தார்கள். துடைப்பம், செருப்பு, கையில் கிடைத்தது எல்லாம். ஆதிலட்சுமி அவள் தலையைக் குழாயடிக் கல்லில் மோதினாள். முன்பல் ஒன்று உடைந்து விழுந்ததை நான் என் வாசலிலிருந்து பார்த்தேன். அந்த மூன்று பேரையும் ஒன்றாக அடித்துப் போடக்கூடிய கோட்டேஸ்வரம்மா அன்று ஒரு கையைக்கூட ஓங்கவில்லை. ஏடுகொண்டலுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கைகூப்பியபடி, வாய்க்குள் சரணம் சொல்லிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றான்.

கட்டிலில் கிடந்த போத்துராஜு, "விடு ராஜ்யம், அவளுக்கு வேணும்" என்றான். நான் சுவரில் மாட்டியிருந்த அவனுடைய மூட்டைக் கொக்கியை எடுத்துக்கொண்டு ஓடினேன். "இன்னும் ஒரு அடி விழுந்துச்சு, இதை எவ வயித்துல மாட்டுவேன்னு எனக்கே தெரியாது" என்று கத்தினேன். விட்டுவிட்டார்கள். என் முந்தானை முழுக்க அவள் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் மண்டையில் தையல் போட்டார்கள். அவள் அழவில்லை. குருசாமி மஸ்தான்ராவு, பஸ் கண்டக்டர், ஏடுகொண்டலுவுக்குப் புது மாலை போட்டுவிட்டு, இவள் எல்லார் காலிலும் விழ வேண்டும் என்று ஆள் அனுப்பினார். இவள் விழவில்லை. கார்த்திகைப் பௌர்ணமி அன்று தனியாக விஜயவாடா போனாள், எங்கள் வாய்க்குப் பெஜவாடா. கனகதுர்க்கை மலையடியில் பவானி மாலை போட்டுக்கொண்டு, சிவப்புப் புடவையும் நெற்றி நிறையக் குங்குமமுமாகத் தெருவுக்குள் நடந்து வந்தாள்.

"இப்ப எவ வந்து என் முடியில கை வைக்கிறான்னு பாக்குறேன்" என்றாள் என்னிடம், ஓட்டைப் பல் தெரிய.

மாலை போட்ட பெண்ணை மாதா என்று கும்பிட வேண்டும். குழாயடியில் ஆதிலட்சுமி குடத்தை வைத்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டே, "மாதா" என்று கைகூப்பினாள். அன்று எங்கள் தெரு வயிறு வலிக்கச் சிரித்தது.

ஆக ஒரே வீட்டுக்குள் கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று. அவன் இந்த மூலையில் பூஜை, அவள் அந்த மூலையில் பூஜை. அதுவரை ஒருவரையொருவர் நாயே பேயே என்று கூப்பிட்டவர்கள், "மாதா, தண்ணி பிடிச்சு வைக்கட்டுமா?" "வேண்டாங்க சாமி, நானே பிடிச்சேன்" என்று பேசிக்கொண்டார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் காது கூசியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள். "அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீ நடுவுல உக்காரு அக்கா. தனியா இருந்தா என் கை சும்மா இருக்காது." நான் முறத்தில் துவரம்பருப்பை எடுத்துக்கொண்டு போய், கல் பொறுக்குகிற சாக்கில் உட்கார்ந்தேன்.

"சாமி, உங்களுக்கு வேற பொம்பள இருக்கா?"

"இல்லீங்க மாதா."

"என்னைப் பாத்தா அருவருப்பா இருக்கா?"

"ஐயோ, இல்லீங்க."

"அப்புறம் என்ன எழவு..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று மாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அப்புறம் என்னங்க சாமி?"

நான் முறத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவன் கால் நகத்தைப் பார்த்தபடியே சொன்னான்.

"எனக்கு அவ்வளவா தோணாதுங்க. எப்பவுமே அப்படித்தான். கூட்டத்துல மத்தவங்க பேசிக்கிறாங்களே, அந்த அளவுக்கெல்லாம் எனக்கு வராது. சுத்தமா வராம இல்ல. எப்பவாவது தானா வரும். எண்ணெய் தடவும்போது, நீங்க சும்மா ஊர்க்கதை பேசிக்கிட்டிருக்கும்போது வரும். அதுக்குள்ள நீங்க கேப்பீங்க. இல்லேன்னா அடிப்பீங்க. வந்ததும் போயிடும்."

"வேண்டாம்னு வாயால சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

அவள் நேர்மையாகவே யோசித்தாள். "ஆம்பளையான்னு கேட்டிருப்பேன்."

"கேட்டீங்க. உங்க மூஞ்சியை மிளகாயில வச்சு அமுக்கினேன். அன்னிக்கு உங்க கண்ணு ரெண்டும் போயிருக்கும் மாதா. அப்புறம் என் கையைப் பாத்தா எனக்கே பயம். மாலை போட்டா நீங்களும் அடிக்க மாட்டீங்க, நானும் அடிக்க மாட்டேன். அதுக்குத்தான் போட்டேன். பக்தியில போடல. சாமி என்னை மன்னிக்கணும்."

கோட்டேஸ்வரம்மா மெல்லத் தலையாட்டினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. பாரத்தை இறக்கி வைத்த மாதிரிதான் இருந்தது. இத்தோடு முடிந்திருந்தால் நானும் பருப்பை அள்ளிக்கொண்டு வந்திருப்பேன்.

"சரிங்க. அது புரியுது" என்றாள். "உங்க அக்கா என் தலையைக் கல்லுல மோதினப்ப கைகூப்பிக்கிட்டு நின்னீங்களே. அது எதுக்கு?"

நான்தான் குறுக்கே விழுந்தேன். "மாலை போட்டிருந்தான் கோட்டம்மா, அவன் எப்படி..."

"இல்லக்கா" என்றான் அவன். "மாலைக்காக நிக்கல. எனக்கு நல்லா இருந்துச்சு மாதா. அடி வாங்கினா எப்படி இருக்கும்னு உங்களுக்கும் தெரியட்டும்னு பாத்துக்கிட்டு நின்னேன். இன்னும் ரெண்டு விழட்டும்னுகூட நெனச்சேன்."

முறம் என் மடியிலிருந்து சரிந்தது. அவள் எழுந்துவிட்டாள். மூலையில் உலக்கை. கை அதை நோக்கிப் போனது, பாதியில் நின்றது. மாலை போட்டவள் அடிக்கக் கூடாது. திரும்பித் தன் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதினாள், தையல் போட்ட இடத்தையே. என் வீட்டுப் பக்கம் அலமாரியிலிருந்து டம்ளர் உருண்டு விழுந்தது கேட்டது. மறுபடி மோதினாள். ரத்தம் காதோரம் இறங்கியது. நான் எழுவதற்குள் ஏடுகொண்டலு பாய்ந்து அவளை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துவிட்டான்.

"தொடாதே! மாலையில இருக்கே, தொடாதே!"

"விடமாட்டேன். அன்னிக்கு விட்டதே போதும்."

அவள் திமிறினாள், முழங்கையால் இடித்தாள், அவன் தோளைக் கடித்தாள். அவன் விடவில்லை. இரண்டு பேர் மாலையிலும் ரத்தம். துணியைச் சுருட்டி அவள் மண்டையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நானும் அழுதுவிட்டேன்.

அதன் பிறகு அவனோடு அவள் பேச்சே இல்லை. மாலை இறக்கப் பெஜவாடாவுக்குக் கிளம்பிய அன்று வாசலில் நின்று சொன்னாள்: "இதெல்லாம் சாமி சொல்லிச்சு. கேட்டுக்கிட்டேன். மாலை இல்லாத மனுஷன் சொல்வானா? நாலு பேர் பாக்க என்னை அடிச்சப்ப நின்னீங்க. அதே நாலு பேர் முன்னாடி சொல்வீங்களா? சொல்லலேன்னா எனக்கு நீங்க வேண்டாம். வந்து பெட்டியை எடுத்துக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்த அன்று மாலையில்லை, வெறும் கழுத்து. அதுவரை அவன் யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்று தெரிந்ததும் நேராக உள்ளே போய்த் தகரப் பெட்டியைக் கட்டினாள். ராமாலயத்தைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். நான் வழியனுப்பக் கூடவே போனேன்.

ராமாலயத்து முற்றத்தில் சாமிகளுக்கு மத்தியானச் சாப்பாடு. இலை போட்டுச் சோறும் பப்பும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். மாலை போடாத போத்துராஜுவும் ஓசிச் சோற்றுக்கு ஓர் இலையில் உட்கார்ந்திருந்தான். ஆதிலட்சுமி பரிமாறினாள். ஏடுகொண்டலு மட்டும் குருசாமிக்கு முன்னால் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தான்.

எங்கள் ராமாலயத்தில் பாதியில் மாலையை இறக்குகிறவன் காரணத்தை எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். "வீட்டுல யாருக்காவது ஏதாவது ஆச்சா சாமி?" என்று கேட்டார் குருசாமி.

"இல்லீங்க சாமி. மாலையோட பொண்டாட்டியைத் தொட்டுட்டேன்."

போத்துராஜு தொடையில் தட்டினான். "அப்படிப் போடுடா! பொறுக்க முடியல இல்ல? கடைசியில நம்ம ஆளும் ஆம்பளை ஆயிட்டான்டா!" இலையில் உட்கார்ந்திருந்த சாமிகளே மீசைக்குள் சிரித்தார்கள். குருசாமியும் கோபப்படவில்லை. "சரி, தெரியாம நடந்துபோச்சு. தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு சரணம் சொல்லு. மாலை இருக்கட்டும்" என்றார்.

அவன் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அத்தனை வருஷக் கேலியும் ஒரே நிமிஷத்தில் கழுவிப் போயிருக்கும். ஊரே அவனை ஆம்பளை என்று சொல்லியிருக்கும். கோட்டேஸ்வரம்மா வாசலில் பெட்டியோடு நின்று கேட்டாள். அவள் உதடு கோணியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் வரும் பக்கம் நடக்க ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"அதுக்காகத் தொடல சாமி" என்றான் அவன். அவனுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். "அவ தலையைச் சுவத்துல மோதிக்கிட்டா, பிடிச்சேன். என்னாலதான் மோதினா. எனக்கு அந்த ஆசை கம்மி சாமி. அவளுக்கு இருக்கிற அளவு எனக்குக் கிடையாது. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மாலை மேல மாலையா போட்டு ஒளிஞ்சேன். மாலையை அவ அறுக்கல, நான்தான் அறுக்க வச்சேன். என் அக்கா அவளை அடிச்சப்ப சந்தோஷமா பாத்துக்கிட்டு நின்னேன். அது தப்பு. கழட்டிடுங்க. இனிமே இதுக்காகப் போட மாட்டேன்."

ஆதிலட்சுமியின் கையிலிருந்த கரண்டி இலையில் விழுந்தது. குருசாமி மந்திரம் சொல்லி மாலையை இறக்கினார். யாரோ ஒருவன் களுக்கென்றான். இன்னொருவன். பிறகு மொத்தப் பந்தியும் சிரித்தது. போத்துராஜு இலையை விட்டு எழுந்தே விட்டான்.

"ஏண்டா, கம்மின்னா சொல்றதுதானேடா? பக்கத்து வீட்டுல நான் எதுக்கு இருக்கேன்? சுவர் ஏறிக் குதிச்சு வந்திருக்க மாட்டேனா?"

பெட்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது. கோட்டேஸ்வரம்மா எப்படி அவ்வளவு தூரத்தைக் கடந்தாள் என்று தெரியவில்லை. ஓங்கி ஒரு அறை. மூட்டை தூக்குகிறவர்களையே ஆட்டி வைக்கிற மேஸ்திரி இலை மேல் உட்கார்ந்தான். பப்பும் நெய்யும் வேட்டியெல்லாம் வழிந்தன. சிரிப்பு அப்படியே நின்றது.

"போதும், வா" என்று ஏடுகொண்டலு ஓடி வந்து அவள் கையைப் பிடித்தான். "இனிமே கை நீட்டாதேன்னு சொல்லணும்னு இருந்தேன், அதுக்குள்ள..."

"உன் மேலதானே நீட்டக் கூடாது. இவன் மேல எதுக்கு நீட்டக் கூடாது?" என்றாள் அவள். மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர். அவன் அவள் பெட்டியைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டான்.

போத்துராஜு என்னைப் பார்த்தான். கன்னத்தில் விரல் ஐந்தும் பதிந்திருந்தன. "பாத்துக்கிட்டு நிக்கிறியேடி! புருஷனை ஒருத்தி அடிக்கிறா! போய் அவ முடியைப் பிடிடி!" என்று கத்தினான். ஆதிலட்சுமி என் பக்கம் திரும்பினாள். பந்தி மொத்தமும் என் பக்கம் திரும்பியது. எங்கள் தெருவில் அதுதான் முறை, நான் போய்ப் பிடித்திருக்க வேண்டும். அவனோடு வாழ்ந்த ராத்திரிகள் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. ஒரு ராத்திரியாவது "வேணுமா" என்று என்னைக் கேட்டிருக்கிறானா என்று நினைத்துப் பார்த்தேன்.

"இன்னொரு கன்னம் பாக்கி இருக்கு, கோட்டம்மா" என்றேன்.